கியோட்டோவில் ஒரு வார இறுதி: வெள்ளி இரவு முதல் ஞாயிறு மாலை வரை திட்டமிடும் முறை

டோக்கியோவில் வேலை பார்க்கிற நம்மவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வரப்போகிறார்கள் என்றால் முதலில் விசாரிப்பது கியோட்டோவைப் பற்றித்தான். விசாரிக்கும்போதே பலருடைய செல்போன் வரைபடத்தில் பதினைந்து இருபது இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். "இதையெல்லாம் ரெண்டு நாள்ல எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்பார்கள். பார்க்க முடியாது. பார்த்தாலும் பேருந்து வரிசையும் அடுத்தவர் முதுகும்தான் நினைவில் நிற்கும்.

கியோட்டோவுக்கு இடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன் திசையையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். காலை ஆறரைக்குப் பார்க்கிற கியோமிசு தேரா கோயிலும் பதினொரு மணிக்குப் பார்க்கிற அதே கோயிலும் ஒன்றல்ல. பலரை அழைத்துப்போனதிலும், தனியாகப் போய்த் திணறியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதிலும் தேறிய வரிசையைக் கீழே தருகிறேன். படிகளை மாற்றிச் செய்தால் எங்கே இடிக்கும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

செர்ரி மலர்வது மார்ச் கடைசி முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை. மேப்பிள் இலை சிவப்பது நவம்பர் நடுப்பகுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரை. இந்த இரண்டு பருவங்களிலும் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், கூட்டமும் அப்படியே. ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன், புத்தாண்டு ஆகிய மூன்று விடுமுறைகளையும் முதல் பயணத்துக்குத் தவிர்த்துவிடுங்கள்.

கியோட்டோவுக்கு மூன்று பக்கமும் மலை. கோடையில் உள்ளே தேங்கும் புழுக்கம் சென்னையில் வளர்ந்தவர்களையே உட்கார வைத்துவிடும். ஜூலை 17-ஆம் தேதி கியோன் திருவிழாவின் தேர் ஊர்வலம் நடக்கிறது. அதற்காகவே போவதென்றால் அதை மட்டும் பாருங்கள், கோயில் சுற்றலை அதோடு சேர்க்காதீர்கள்.

வயதானவர்களோடு போக ஏற்ற காலம் மே நடுப்பகுதி முதல் ஜூன் முதல் வாரம் வரை, அல்லது அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் முதல் வாரம் வரை. குளிர் பரவாயில்லை என்பவர்களுக்கு ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நல்லது. அறை மலிவு, கூட்டமும் குறைவு.

இன்னொன்று. வாரத்தில் சனி இரவு வாடகைதான் அதிகம். திங்கள்கிழமை விடுப்பு கிடைத்தால் ஞாயிறு, திங்கள் என்று தள்ளிப் போடுங்கள். ஆனால் கியோட்டோ தேசிய அருங்காட்சியகமும் கத்சுரா அரச மாளிகையும் திங்களன்று மூடியிருக்கும். அவை உங்கள் பட்டியலில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. அறை முதலில், ரயில் அப்புறம்

பெரும்பாலோர் ரயில் டிக்கெட்டை வாங்கிவிட்டுத்தான் அறை தேடுகிறார்கள். இது தலைகீழ். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குச் சில நிமிடங்களுக்கு ஒரு ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடுகிறது. சாதாரண வார இறுதியில் ஏதாவது ஒன்றில் இடம் கிடைத்துவிடும். அறை அப்படியல்ல. நல்ல இடத்தில் நியாயமான வாடகையில் உள்ளவை சீக்கிரமே தீர்ந்துவிடும்.

தங்குவதற்கு என் முதல் பரிந்துரை கராசுமா தெருவுக்கும் கவராமாச்சி தெருவுக்கும் இடைப்பட்ட பகுதி, அதிலும் சான்ஜோ முதல் ஷிஜோ வரை. அங்கிருந்து கியோட்டோ நிலையம் சுரங்க ரயிலில் இரண்டு நிறுத்தம்தான். கிழக்கே நடந்தால் காமோ ஆறு, அதைத் தாண்டினால் கியோன் என்ற பழைய வட்டாரம். இரவுச் சாப்பாட்டுக்கு எங்கும் அலைய வேண்டாம்.

நடக்கச் சிரமப்படுபவர்களோ பெரிய பெட்டிகளோ உடன் இருந்தால் நிலையத்தை ஒட்டியே தங்குங்கள். நிலையத்தின் தெற்குப் பக்கமான ஹாச்சிஜோ வாசலில்தான் ஷின்கான்சென் இருக்கிறது. அந்தப் பக்கத்து விடுதி என்றால் ஞாயிறு மாலை பெட்டியை இழுக்கும் தூரம் மிச்சம்.

ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதி மேல் எல்லோருக்கும் ஆசை உண்டு. ஆனால் அங்கே இரவு உணவு ஆறு, ஏழு மணிக்கு என்று குறித்த நேரத்தில் பரிமாறப்படும். இருப்பதே இரண்டு மாலை, அதில் ஒன்று அறைக்குள் போய்விடும். சாப்பாட்டில் மீன் பிரதானம். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள். வாசலில் போய்ச் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, அடுப்படி வேலை அதற்குள் முடிந்திருக்கும்.

பதிவில் அடிக்கடி நடக்கும் தவறு ஆள் கணக்கு. ஜப்பானில் அறை வாடகை தலைக்கணக்கோடு சேர்ந்தது. இரண்டு பேருக்கு என்று போட்டுவிட்டு மூன்றாவது ஆளாகக் குழந்தையை அழைத்துப்போனால், படுக்கையும் இருக்காது, வரவேற்பு மேசையில் அனுமதியும் கிடைக்காமல் போகலாம். குழந்தையின் வயதோடு சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

கியோட்டோ நகரத் தங்கும் வரி தனி. 2026 மார்ச் முதல் இது கூட்டப்பட்டிருக்கிறது. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6,000 யென்னுக்குக் குறைவான அறையில் 200 யென், 6,000 முதல் 20,000-க்குள் 400 யென், 20,000 முதல் 50,000-க்குள் 1,000 யென். அதற்கு மேல் போனால் வரியும் வேகமாக ஏறுகிறது. முன்பதிவுத் தளம் காட்டும் தொகையில் இது சேராமல் இருக்கலாம்.

வாடகை தாங்கவில்லை என்று ஒசாகாவில் தங்குபவர்களும் உண்டு. விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான். ஆனால் இந்த வழிகாட்டியின் அடிப்படையே விடியற்காலைப் புறப்பாடு. அது ஒசாகாவிலிருந்து சரிப்படாது.

3. ரயில் டிக்கெட்

டோக்கியோவிலிருந்து நொசோமி ரயிலில் சுமார் 2 மணி 15 நிமிடம், ஹிகாரியில் 2 மணி 40 நிமிடம். முன்பதிவு இருக்கைக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ 14,000 யென். "ஜப்பான் ரயில் பாஸ் வாங்கலாமா?" என்பது தவறாமல் வரும் கேள்வி. 2023 அக்டோபரிலிருந்து ஏழு நாள் பாஸ் 50,000 யென். போக வர 28,000 யென் ஆகும் பயணத்துக்கு அது வேண்டாம். தவிர, வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அந்தப் பாஸ் கிடையாது, சுற்றுலாவுக்கு வந்த பெற்றோருக்கு மட்டுமே உண்டு.

ஸ்மார்ட் இஎக்ஸ் செயலியில் பதிவு செய்வது எளிது. சாதாரண டிக்கெட்டாக வாங்கினால் ரயில் புறப்படும் முன்புவரை கட்டணமில்லாமல் வேறு ரயிலுக்கு மாற்றலாம். முன்கூட்டியே வாங்கும் சலுகை டிக்கெட்டுகளுக்கு விதி வேறு. ஞாயிறு மாலைக்கு எப்போதும் சாதாரண டிக்கெட்டே எடுங்கள். அன்று எப்போது களைப்பீர்கள் என்று இன்றைக்கே சொல்ல முடியாது.

ஃபுஜி மலை தெரிய வேண்டும் என்றால் இருவர் அமரும் வரிசையில், ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்து போட்ட ஜன்னல் இருக்கையைக் கேளுங்கள். போகும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். டோக்கியோவிலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரத்தில் வரும். வெள்ளி இரவில் இருட்டுதான் தெரியும். சனி காலை கிளம்புகிறவர்களுக்கே இது பயன்படும்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும். கூடுதல் கட்டணம் இல்லை, ஆனால் முன்பதிவு கட்டாயம். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கேட்பார்கள். இரண்டு இரவுக்கு அவ்வளவு பெரிய பெட்டி எதற்கு? வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

4. ஊரை ஐந்தாகப் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். வரைபடத்தைத் திறந்து இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு மலையடிவாரம்: கியோமிசு தேரா, யசாகா ஆலயம், நான்சென்ஜி, வெள்ளிக் கோயில்.
தெற்கு: ஃபுஷிமி இனாரி, தோஃபுகுஜி.
மேற்கு: அராஷியாமா, மூங்கில் தோப்பு, தென்ரியூஜி.
வடமேற்கு: தங்கக் கோயில், ரியோவான்ஜி.
நடுப்பகுதி: நிஜோ கோட்டை, நிஷிகி சந்தை.

அரை நாளுக்கு ஒரு பகுதி, கிழக்குக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். அப்படியானால் இரண்டு நாளில் கிழக்கும், இன்னும் ஒன்றோ இரண்டோதான் முடியும். எதை விடுவது என்று வீட்டில் உட்கார்ந்தே முடிவு செய்துவிடுங்கள். தெருவில் நின்று முடிவு செய்தால் குடும்பத்துக்குள் சண்டைதான்.

தங்கக் கோயில், வெள்ளிக் கோயில் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். இரண்டின் ஜப்பானியப் பெயர்களும் முதல் எழுத்தின் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே கின்காகுஜி. ஒன்று ஊரின் வடமேற்கில், மற்றது வடகிழக்கில். டாக்சியில் ஏறித் தவறானதைச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். படத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

அடுத்தது போக்குவரத்து. கியோட்டோ என்றாலே பேருந்து என்று பழைய குறிப்புகள் சொல்லும். பேருந்து மட்டும் பயன்படுத்தும் ஒரு நாள் பாஸ் இப்போது இல்லை. சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த 1,100 யென் பாஸ்தான் உண்டு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிலையத்தின் முன்னால் கியோமிசு பக்கம் போகும் பேருந்துக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் பாஸ் வாங்கும் ஆசையே போய்விடும். ரயிலில் போக முடிந்த இடத்துக்கு ரயிலில் போங்கள். இனாரிக்கும் அராஷியாமாவுக்கும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில், கோட்டைக்குச் சுரங்க ரயில், கியோனுக்குக் கெய்ஹான் ரயில். மூன்று நான்கு பேர் சேர்ந்து போகும்போது குறுகிய தூரத்துக்கு டாக்சி செலவும் பேருந்துச் செலவும் பெரிதாக வித்தியாசப்படாது.

பேருந்தில் ஏறத்தான் வேண்டுமென்றால்: நகர்ப் பேருந்தில் பின்கதவில் ஏற வேண்டும், முன்கதவில் இறங்க வேண்டும், இறங்கும்போதுதான் காசு. சீரான கட்டணப் பகுதிக்குள் 230 யென், எவ்வளவு தூரமானாலும். ஓட்டுநர் பக்கத்தில் உள்ள பெட்டி சில்லறைக் காசை விழுங்கிக்கொள்ளும், மீதி தராது. நோட்டு வைத்திருந்தால் அதே இயந்திரத்தில் முதலில் சில்லறையாக மாற்றி, அப்புறம் சரியான தொகையைப் போட வேண்டும். இதைப் பேருந்து நின்ற பிறகு தொடங்கினால் பின்னால் முப்பது பேர் காத்திருப்பார்கள். முன்பணம் போட்டு வைக்கும் சூய்க்கா பயணக் கார்டைத் தட்டிவிட்டு இறங்குவதே மேல்.

5. முன்பதிவு எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

பெரும்பாலான கோயில்களுக்கு வாசலில் டிக்கெட் வாங்கினால் போதும். கத்சுரா மாளிகைக்கும், பாசித் தோட்டத்துக்குப் பெயர்பெற்ற சாய்ஹோஜி கோயிலுக்கும் முன்பதிவு வேண்டும். கத்சுராவில் சிறு குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. முதல் பயணத்தில் இரண்டையும் விட்டுவிடலாம். குறித்த நேரத்துக்கு ஓட வேண்டியிருப்பதால் அந்த நாளின் மற்றத் திட்டமெல்லாம் அதைச் சுற்றியே வளையும்.

சனி இரவுச் சாப்பாட்டுக்கு மேசை பிடித்து வையுங்கள். கிமோனோ வாடகைக்கு எடுக்க நினைத்தால் முற்பகலுக்குப் பதிவு செய்யுங்கள். ஆனால் அந்த உடையோடு மலை ஏறும் திட்டம் வேண்டாம்.

6. எடுத்துப்போக வேண்டியவை

காலணி முக்கியம். கயிறு கட்டும் ஷூ போட்டு வந்தவர்கள் ஒவ்வொரு மண்டபத்துக்கும் முன்னால் குனிந்து அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய, ஆனால் நீண்ட தூரம் நடக்கத் தோதான காலணி வேண்டும். காலுறை அவசியம். குளிர்காலத்தில் கோயில் மரத்தரை பனிக்கட்டி போலச் சில்லிடும்.

ரொக்கம் ஆளுக்கு ஐயாயிரம் யென்னாவது சில்லறை நோட்டுகளாக இருக்கட்டும். நுழைவுக் கட்டணத்துக்கு ரொக்கம் மட்டும் வாங்கும் கோயில்கள் இன்னும் உண்டு. வெளிநாட்டு ஏடிஎம் கார்டு செவன் லெவன் கடை இயந்திரங்களில் வேலை செய்யும். தெருவில் குப்பைத்தொட்டி காணக் கிடைக்காது. ஒரு பிளாஸ்டிக் பையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை எங்கும் தூக்கிப் போகாதீர்கள். அறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தருவார்கள். ஆனால் காலையிலேயே போய்ப் பையை ஒப்படைக்கலாம், காலி செய்த பிறகும் மாலைவரை வைத்துக்கொள்வார்கள். இது தெரியாமல் நிலையத்தில் காலி லாக்கர் தேடி அலைபவர்கள் ஏராளம். முற்பகலுக்குள் அவை நிரம்பிவிடும்.

7. வெள்ளி இரவு: தூங்குங்கள்

எட்டு, ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தால், கொன்பினி எனும் இரவிலும் திறந்திருக்கும் சிறுகடையில் மறுநாள் காலைக்கு ரொட்டி, வாழைப்பழம், தண்ணீர் வாங்கிவிட்டுப் படுத்துவிடுங்கள். ஊர்சுற்றும் எண்ணம் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். மறுநாள் ஐந்து மணிக்கு எழ வேண்டும்.

8. சனி: கிழக்கைத் தெற்கிலிருந்து வடக்காக நடங்கள்

கியோமிசு தேரா காலை 6 மணிக்குத் திறக்கிறது. வடமுனையில் உள்ள வெள்ளிக் கோயில் எட்டரைக்குத்தான், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஒன்பதுக்கு. நடுவில் உள்ளவை பெரும்பாலும் எட்டே முக்கால், ஒன்பது வாக்கில். ஆகவே தெற்கே தொடங்கி வடக்கே போனால் ஒவ்வொரு கதவும் நீங்கள் போகிற நேரத்துக்குத் திறந்திருக்கும். வடக்கிலிருந்து தொடங்கினால் கியோமிசுவை நெருங்கும்போது பிற்பகல் ஆகிவிடும், அந்தச் சரிவுத் தெருவில் தோளோடு தோள் இடித்துத்தான் ஏற வேண்டும்.

விடுதியிலிருந்து டாக்சியில் போய் ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள். அந்த நேரத்தில் உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர்தான் வருவார்கள், வணங்கிவிட்டுப் போவார்கள். 13 மீட்டர் உயர மரமேடையின் கைப்பிடியில் பனி ஈரம் இருக்கும். கீழே மரங்களுக்கு அப்பால் ஊர் மெல்ல வெளுக்கும். படம் எடுத்து முடித்ததும் ஓடிவிடாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். மேடையின் முழு உருவம் தெரிய வேண்டுமென்றால் மேடையிலேயே நிற்காமல் எதிரே உள்ள ஒகுனோயின் மண்டபத்தின் பக்கம் போய்த் திரும்பிப் பாருங்கள். அப்புறம் கீழே இறங்கினால் ஓட்டோவா ஊற்று. பகலில் நீண்ட வரிசை நிற்கும் இடம் அது.

ஏழு, ஏழரைக்கு வெளியே வந்து சான்னென்சாகா, நினென்சாகா கல்படித் தெருக்களில் இறங்குங்கள். கடைகள் பூட்டியிருக்கும். தெருவைப் பார்க்க அதுதான் நேரம். கடைக்குப் போக விரும்புகிறவர்கள் மாலையில் தனியாக வரட்டும். யசாகா கோபுரம் தெரியும் குறுந்தெருவை விட்டுவிடாதீர்கள்.

அங்கிருந்து யசாகா ஆலயம் (எப்போதும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை), மாருயாமா பூங்கா, சியோனின் கோயிலின் பிரமாண்டமான வாயில் என்று வரிசையாக வரும். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து வாங்கி வைத்த ரொட்டியைச் சாப்பிடுங்கள். எட்டரைக்கு முன் உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம் தேடினால் நேரம்தான் வீண்.

பெரியவர்கள் இங்கே களைத்திருப்பார்கள். ஹிகாஷியாமா நிலையத்திலிருந்து கெயாகேவுக்குச் சுரங்க ரயிலில் ஒரே நிறுத்தம், அங்கிருந்து நான்சென்ஜி அருகில்தான். நடக்கக்கூடியவர்கள் நடக்கலாம். நான்சென்ஜி வளாகத்துக்குள் செங்கல்லால் கட்டிய கால்வாய்ப் பாலம் ஒன்று உண்டு. 1888-இல் பிவா ஏரித் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவரக் கட்டியது. இன்றும் மேலே தண்ணீர் ஓடுகிறது. அதைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. பலர் வாயில் வரை வந்து திரும்பிவிடுகிறார்கள், இன்னும் சில நிமிடம் உள்ளே நடந்தால் போதும்.

அதற்கு வடக்கே எய்கான்டோ கோயில். அதைத் தாண்டியதும் கால்வாய் ஓரமாகச் சுமார் 2 கிலோமீட்டர் தத்துவஞானி பாதை, அதன் முடிவில் வெள்ளிக் கோயில். வெள்ளித் தகடு எதுவும் இருக்காது என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பார்க்க வேண்டியது மணலைக் கூம்பாகக் குவித்த தோட்டமும், பாசி படர்ந்த மேட்டுப் பாதையும். அந்தப் பாதையில் ஏறி மேலிருந்து பார்க்காமல் வெளியே வராதீர்கள்.

மொத்தம் 6 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு மணி, இரண்டு மணிக்கு முடியும். டாக்சி பிடித்து அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுங்கள். இந்த ஓய்வைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது அங்கே இன்னொரு கோயிலைச் சொருகிவிடுவார்கள்.

மாலை ஆறுக்கு மேல் கியோன். ஹனாமிகோஜி பெருந்தெருவில் நடக்கலாம். அதிலிருந்து பிரியும் தனியார் சந்துகளில் 2024 முதல் பார்வையாளர்களுக்குத் தடை. மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கெய்ஷா கலை பயிலும் மைக்கோ பெண் எதிரே வந்தால் வழிவிட்டு நில்லுங்கள். செல்போனை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடுவது அநாகரிகம், அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஷிராகவா ஓடையோரம் விளக்கு வெளிச்சத்தில் நடந்துவிட்டு ஆற்றைக் கடந்தால் பொன்தோச்சோ சந்து.

9. சாப்பாடு: சைவர்கள் கவனிக்க வேண்டியது

இறைச்சி இல்லை என்றால் சைவம் என்று எண்ணிவிடக் கூடாது. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. பெரும்பாலும் உலர்த்திய மீனைச் சீவி எடுப்பது. ஊதோன் நூடுல்ஸ் குழம்பு, மிசோ சூப், முட்டை ரோல், வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் அது இருக்கும். "நான் வெஜிடேரியன்" என்றால் கடைக்காரர் நல்லெண்ணத்தோடு இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்.

"இறைச்சி, மீன், இறால், மீன் தாஷி எதுவும் சாப்பிட மாட்டேன்" என்பதை ஜப்பானிய எழுத்தில் ஒரு குறிப்பாகச் செல்போனில் வைத்துக்கொண்டு, உட்காரும் முன் காட்டுங்கள். முடியாது என்றால் அவர்களே சொல்லிவிடுவார்கள். காய்கறி தெம்புரா கேட்டால் தொட்டுக்கொள்ளும் சாறுக்குப் பதில் உப்பு வாங்குங்கள். மாவும் எண்ணெயும் எப்படி என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கியோட்டோவில் இதற்கு நல்ல விடையும் இருக்கிறது. ஷோஜின் ரியோரி என்ற பௌத்த மடத்துச் சமையல். கடற்பாசி, காளான் சாறில் செய்வது, இறைச்சி மீன் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் சேர்ப்பதில்லை. அராஷியாமாவில் தென்ரியூஜி வளாகத்துக்குள் ஷிகெத்சு என்ற உணவகம் மதியத்தில் இதைப் பரிமாறுகிறது. தோட்டத்துக்கான நுழைவுக் கட்டணம் தனி. நான்சென்ஜி பக்கம் யுதோஃபு எனும் கொதிநீர்த் தோஃபு பிரபலம். ஆனால் அதன் தொட்டுக்கொள்ளும் சாறில் மீன் இருக்கலாம், கேளுங்கள்.

நிஷிகி சந்தையில் வாங்கியதை அந்தக் கடை முன்னாலேயே நின்று சாப்பிட வேண்டும், கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. கடைகள் மாலை ஐந்து, ஆறுக்கு மூடிவிடும். "இரவுச் சாப்பாட்டுக்கு நிஷிகி" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

10. ஞாயிறு: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி தெற்கு. காலை ஆறு, ஆறரைக்கு இனாரி நிலையத்தில் இறங்குங்கள். ஃபுஷிமி இனாரி ஆலயத்துக்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. ஜேஆர் நாரா ரயிலில் ஐந்து நிமிடம். பகலில் ஓடும் மியாகோஜி விரைவு ரயில் இனாரியில் நிற்காது. அதில் ஏறித் தாண்டிப் போய்விடுபவர்கள் நிறைய, சாதாரண ரயில்தானா என்று பாருங்கள். சிவப்பு வாயில்கள் நெருக்கமாக நிற்கும் பகுதி பத்து பதினைந்து நிமிடத்தில் வரும். பெரியவர்கள் அங்கிருந்தே திரும்பலாம். முடிந்தவர்கள் யொத்சுத்சுஜி சந்திப்பு வரை போனால் ஊர் விரிந்து தெரியும். மலையைச் சுற்றி வர இரண்டு மூன்று மணி நேரம். ஒன்பதுக்கு இறங்கினால், அடுத்த நிலையமான தோஃபுகுஜியில் நின்று அந்தக் கோயிலையும் பார்த்துவிடலாம். பிற்பகலுக்கு நிஜோ கோட்டை வையுங்கள். நான்கு மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

இரண்டாவது வழி மேற்கு. சாகா அராஷியாமா நிலையத்துக்கு ஜேஆரில் கால் மணி நேரம். ஏழு மணிக்கு மூங்கில் தோப்பு, அப்புறம் ஆற்றங்கரை, எட்டரைக்குத் தென்ரியூஜி திறக்கும்போது உள்ளே. அதன் வடக்கு வாசல் தோப்பிலேயே திறக்கிறது. அது வழியாக வெளியேறி வடக்கே நடந்தால் கியோஜி போன்ற சிறிய கோயில்கள். அராஷியாமாவில் கூட்டம் பாலத்தையும் தோப்பையும்தான் மொய்க்கும். கால் மணி நேரம் வடக்கே நடந்தால் பேச்சுச் சத்தமே குறைந்துவிடும்.

தங்கக் கோயில் இல்லாமல் அப்பா ஊர் திரும்ப மாட்டார் என்றால் மூன்றாவது வழி. ஒன்பதுக்குத் திறக்கும்போது டாக்சியில் அங்கே இருங்கள். உள்ளே ஒரே திசையில் நடக்கும் பாதை, முக்கால் மணி நேரம் போதும். அங்கிருந்து இருபது நிமிட நடையில் ரியோவான்ஜி கல் தோட்டம். பக்கத்து நிலையத்தில் ரான்டென் டிராம் பிடித்து, கதாபிரானோத்சுஜியில் மாறி அராஷியாமா போகலாம். கூட்டத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்குத் தெற்குதான். விடியற்காலையின் பயன் அங்கேதான் அதிகம், நிலையத்துக்கும் அருகில்.

11. மழை வந்தால்

நடையைச் சுருக்கி மண்டபங்களைக் கூட்டுங்கள். கான்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் 1,001 சிலைகள் கொண்ட சான்ஜூசான்கென்டோ கோயில் முழுக்கவே ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. படம் எடுக்க அனுமதி இல்லை. அங்கே காவல் நிற்கும் இருபத்தெட்டு தெய்வங்களில் பல நம்மூர்த் தெய்வங்களின் வழிவந்தவை. அப்பா அம்மா ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு சொல்வார்கள், அதற்கே நேரம் ஒதுக்குங்கள். நிஜோ கோட்டையின் நிநோமாரு அரண்மனையும் உள்ளேயே நடந்து பார்ப்பது. இதற்குத் தனிக் கட்டணம் உண்டு, வாசலில் சேர்த்தே வாங்குங்கள். மூங்கில் தோப்பு தூறலில் நன்றாகவே இருக்கும். இனாரியின் கல்படிகள் வழுக்கும்.

12. திரும்பும் ரயில்

ஞாயிறு மாலை நான்கு முதல் ஏழு வரை ஜன்னல் இருக்கை கிடைப்பது கஷ்டம். ஏழரை வாக்கில் ஒன்றைப் பதிவு செய்து வைத்து, முன்னதாகவே முடித்துவிட்டால் செயலியில் மாற்றிக்கொள்ளுங்கள். ரயிலுக்கு முக்கால் மணி நேரம் முன்பு நிலையத்தில் இருக்க வேண்டும். யத்சுஹாஷி இனிப்பு வாங்க ஆசைப்பட்டால் சுடாத மென்மையான வகைக்குக் கெடு சில நாட்களே, பெட்டியில் தேதியைப் பாருங்கள். ஊருக்குக் கொடுத்தனுப்பச் சுட்ட வகையே சரி. சாப்பாட்டுப் பொட்டலத்தை நிலையத்தை ஒட்டிய இசேத்தான் பல்பொருள் அங்காடியின் அடித்தளத்தில் முதலில் வாங்கிவிடுங்கள், சைவமாகக் கிடைப்பவை குறைவு, அவை சீக்கிரம் தீரும். இனிப்புக் கடைகள் டிக்கெட் வாயிலுக்கு உள்ளேயும் இருக்கின்றன, அதை ரயில் ஏறும் முன்பும் வாங்கலாம்.